சைகோன், நவம்பர் 1963: ஒரு நாள் வழிகாட்டிப் பயணம் பற்றிய மதிப்புரை

ஹோ சி மின் நகரத்துக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் கூ சி சுரங்கங்களைப் பார்த்துவிட்டு, மெகாங் ஆற்றில் ஒரு படகுச் சவாரி செய்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த நகரம் சைகோன் என்ற பெயரில் தென் வியட்நாமின் தலைநகராக இருந்த காலத்தில், நாட்டின் ஜனாதிபதியை அவருடைய சொந்தத் தளபதிகளே கவிழ்த்துக் கொன்ற 1963 நவம்பர் 1, 2 ஆகிய இரண்டு நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை நடந்த இடங்களுக்கு நேரில் அழைத்துச் சென்று விளக்கும் ஒரு நாள் வழிகாட்டிச் சேவை அங்கே கிடைக்கிறது என்று அறிந்ததும், என் பயணத்தில் ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்கினேன். நிறுவனத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. இந்தத் தடத்தில் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள் ஒன்றுக்கு மேற்பட்டோர் இருப்பதால், அவர்களிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று சொல்வதே வாசகருக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்தரை வரை நீளும் இந்தப் பயணத்துக்கு ஒருவருக்கு 14 லட்சம் டாங் வாங்கினார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ 4,600 ரூபாய் வரும். வாகனம், நுழைவுச் சீட்டுகள், மதிய உணவு, ஒரு சிறு கையேடு ஆகியவை இதில் அடக்கம். நாங்கள் ஆறு பேர் சென்றோம். வழிகாட்டி சைகோனிலேயே பிறந்து வளர்ந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. பள்ளியில் வரலாறு கற்பித்தவர். வியட்நாமியர் மூத்த பெண்களை அழைக்கும் முறைப்படி அவரை நாங்கள் எல்லோரும் 'சீ', அதாவது அக்கா, என்றே அழைத்தோம். இந்தச் சேவைக்கு நான் கொடுத்த பணம் தகும் என்று இப்போது சொல்வதற்கு முதல் காரணம் அவர்தான்.

முதல் நிறுத்தம் சுதந்திர மாளிகை. பொதுவாக இங்கு வருபவர்கள் 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாமிய டாங்கிகள் இரும்புக் கதவை இடித்துக்கொண்டு நுழைந்த காட்சியைத்தான் தேடுவார்கள். சீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புல்வெளி ஓரத்து மரநிழலில் எங்களை நிறுத்தி, இன்று நாம் பார்க்கும் கட்டடம் ஒரு தோல்வியடைந்த சதியால் எழுந்தது என்று தொடங்கினார். 1962 பிப்ரவரி 27 காலையில் தென் வியட்நாம் விமானப்படையின் இரண்டு விமானிகள், எதிரியின் மீது வீச வேண்டிய குண்டுகளைத் தங்கள் ஜனாதிபதியின் மாளிகை மீதே வீசினார்கள். ஜனாதிபதி நோ டின் டியெம் வாசித்துக்கொண்டிருந்த அறைக்குள்ளேயே ஒரு குண்டு விழுந்தது. ஆனால் அது வெடிக்கவில்லை. மாளிகையின் இடது பகுதி நொறுங்கியது. டியெம் ஜியா லாங் மாளிகைக்குக் குடிபெயர்ந்தார். பழைய பிரெஞ்சுக் கட்டடத்தை இடித்துவிட்டு, கட்டடக் கலைஞர் நோ வியெட் தூவின் வரைபடத்தின்படி அந்த ஆண்டு ஜூலையில் புதிய மாளிகையின் வேலை தொடங்கியது. 1966 அக்டோபர் இறுதியில் அது திறக்கப்பட்டபோது, அதைக் கட்டச் சொன்னவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

அதற்கும் முந்திய முயற்சியை அவர் விளக்கிய விதம் இந்த நாளின் மிகச் சிறந்த பாடங்களுள் ஒன்று. 1960 நவம்பர் 11 அன்று வான்குடைப் படையினர் மாளிகையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆனால் தலைநகருக்குள் வரும் சாலைகளை அவர்கள் மறிக்கவில்லை, மாளிகையின் தொலைபேசிக் கம்பிகளையும் துண்டிக்கவில்லை. டியெம் உள்ளே இருந்துகொண்டு, சீர்திருத்தம் செய்வதாக வாக்களித்துப் பேச்சுவார்த்தையை இழுத்தடித்தார். அதற்கிடையில் வெளியூர்களிலிருந்த விசுவாசப் படைகளைத் தொலைபேசியில் அழைத்தார். அவை வந்து சேர்ந்ததும் வாக்குறுதிகள் காற்றில் போயின, கிளர்ச்சியாளர்கள் தப்பி ஓடினார்கள். "இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சாலை, தொலைபேசி. மாலையில் கேட்பேன்" என்று ஒரு வகுப்பறைக் குரலில் சீ சொன்னார். உண்மையாகவே மாலையில் கேட்டார்.

ஒரு போரின் நடுவே, அதுவும் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் கிராமம் கிராமமாகப் பிடித்துக்கொண்டிருந்த வேளையில், தளபதிகள் ஏன் தங்கள் அரசையே கவிழ்க்க முனைந்தார்கள் என்ற கேள்விக்கு மாளிகைத் தோட்டத்தில் சுமார் முக்கால் மணி நேரம் செலவிட்டார். டியெமின் தம்பி நோ டின் ஞூ இரகசியப் போலீஸையும் சிறப்புப் படையையும் கையில் வைத்திருந்தார். இன்னொரு தம்பி கான், எந்தப் பதவியும் இல்லாமலேயே ஹுவே நகரத்திலிருந்து நாட்டின் நடுப்பகுதியை ஆண்டார். அண்ணன் துக் ஹுவேயின் பேராயர். பௌத்தர்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இப்படி ஆட்சியைத் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, 1963 மே 8 அன்று ஹுவேயில் புத்தர் பிறந்தநாளுக்குப் பௌத்தக் கொடி ஏற்றத் தடை விதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது படையினர் தாக்குதல் நடத்தியதில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஜூன் 11 அன்று சைகோன் சாலைச் சந்திப்பில் திக் குவாங் டுக் என்ற முதிய துறவி தீக்குளித்தார். அந்தப் புகைப்படம் உலகம் முழுவதும் பரவியது. அதைப் பற்றி ஞூவின் மனைவி சொன்ன இரக்கமற்ற சொற்கள் அதைவிட வேகமாகப் பரவின. ஆகஸ்ட் 21 நள்ளிரவு கடந்து ஞூவின் சிறப்புப் படையினர் சா லோய் விகாரை முதலான இடங்களில் புகுந்து, 1,400 பேருக்கு மேல் கைது செய்தார்கள். பழி இராணுவத்தின் மீது விழும்படி அவர்கள் சாதாரணப் படை வீரர்களின் சீருடையை அணிந்து வந்திருந்ததுதான் தளபதிகளுக்கு மிகவும் வலித்தது.

அதுவரை நான் இந்த நிகழ்வை வாஷிங்டனில் எழுதப்பட்டு சைகோனில் அரங்கேறிய ஒன்றாகவே படித்திருந்தேன். அமெரிக்கப் பங்கை சீ குறைத்துச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 24 அன்று, ஜனாதிபதி கென்னடியும் மூத்த அமைச்சர்களும் வார இறுதி ஓய்வுக்காகத் தலைநகரை விட்டு வெளியே இருந்தபோது, ஞூவை விலக்க டியெமுக்கு வாய்ப்புக் கொடுங்கள், அவர் மறுத்தால் அவரையும் காப்பாற்ற இயலாது என்ற பொருளில் புதிய தூதர் ஹென்றி காபட் லாட்ஜுக்கு ஒரு தந்தி போனதை அவர் தெளிவாகவே சொன்னார். ஆனால் அந்தத் தந்தி வந்த பிறகும் ஆகஸ்ட் மாத இறுதியில் தளபதிகள் துணியவில்லை, திட்டத்தைக் கைவிட்டார்கள் என்பதை அடுத்து எடுத்துக்காட்டினார். காரணம் எளியது. தலைநகரைச் சுற்றியுள்ள படைகள் அவர்கள் கையில் இல்லை. வாஷிங்டனின் சம்மதம் கையில் இருந்தும் சைகோன் சாலைகள் கையில் இல்லாத நிலையை அவர் விளக்கிய பிறகுதான், இந்தச் சதியின் உண்மையான வேலை செப்டம்பரிலும் அக்டோபரிலும் வியட்நாமியர்களுக்குள்ளேயே நடந்தது என்பது எனக்குப் புலப்பட்டது.

அங்கிருந்து வாகனத்தில் ஏறி, தான் சொன் ஞுட் விமான நிலையம் அருகே இருந்த பழைய கூட்டுப் படைத் தலைமையகத்தின் வாயிலைக் கடந்தோம். அது இன்றும் இராணுவ வளாகமாக இருப்பதால் உள்ளே விடுவதில்லை. வண்டியிலிருந்தே பார்க்க வேண்டும். நவம்பர் 1 அன்று மதிய விருந்து என்று சொல்லி மூத்த அதிகாரிகள் இங்கேதான் வரவழைக்கப்பட்டார்கள். ஒன்றரை மணிக்கு ஆட்சிக்கவிழ்ப்பு தொடங்கிவிட்டது என்று அவர்களிடம் அறிவிக்கப்பட்டது. மறுத்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். ஞூவின் சிறப்புப் படைத் தளபதி லே குவாங் துங் அன்றிரவே சுடப்பட்டார். கடற்படைத் தலைவர் ஹோ டான் குயெனை அவருடைய சக அதிகாரிகளே அன்று முன்னதாகக் கொன்றிருந்தார்கள். அன்று அவருக்குப் பிறந்தநாள்.

இந்த வளாகத்துக்குள் அன்று பிற்பகல் ஒரு பை நிறையப் பணத்துடன் வந்தவர் அமெரிக்க உளவுத்துறையின் லூசியன் கோனைன். தளபதி டிரான் வான் டானுடன் அவர் ஒரு பல் மருத்துவரின் கூடத்தில் இரகசியமாகச் சந்தித்துப் பேசி வந்தவர். பல்வலி என்று சொன்னால் ஒற்றர்கள் சந்தேகிக்க மாட்டார்கள் அல்லவா. அவர் கொண்டுவந்தது 30 லட்சம் பியாஸ்டர், ஏறத்தாழ 42,000 டாலர். எங்களுக்குக் கொடுத்த கையேடு இந்தத் தொகையைத் தலைப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஆட்சிக்கவிழ்ப்பே அந்தப் பணத்துக்கு வாங்கப்பட்டது என்று படிப்பவர் எண்ணும்படி எழுதியிருக்கிறது. இது தவறான அழுத்தம். அந்தப் பணம் கிளர்ச்சிப் படையினரின் உணவுக்கும், இறக்க நேர்பவர்களின் குடும்பங்களுக்கும் என்று கேட்டு வாங்கப்பட்டது. அது வந்து சேர்ந்தபோது படைகள் ஏற்கெனவே நகரத் தொடங்கியிருந்தன. சீயிடம் இதைச் சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டார், கையேட்டை எழுதியது தான் இல்லை என்றும் சொன்னார். வழிகாட்டி அறிந்த அளவுக்கு அவர் கையில் கொடுக்கப்படும் தாள் அறியாமலிருப்பது இந்தச் சேவையின் ஒரு குறை.

மதிய உணவு, வறுத்த பன்றி இறைச்சியோடு நொய்யரிசிச் சோறு. சைவர்களுக்கு முன்கூட்டியே சொன்னால் தோஃபு கொடுக்கிறார்கள். சாப்பாடு சாதாரணம். ஆனால் அந்த மேசையில்தான் அந்த நாளின் மிகச் செறிவான ஒரு மணி நேரம் கழிந்தது. அதன் நாயகர் டோன் தத் டின்.

சைகோனைச் சுற்றியிருந்த மூன்றாம் படைப்பிரிவின் தலைவர் இந்த டின். டியெம் குடும்பத்தின் செல்லப்பிள்ளை. ஆகஸ்டில் இராணுவச் சட்டம் அமலில் இருந்தபோது தலைநகரின் இராணுவ ஆளுநர். அவர் இல்லாமல் எந்தச் சதியும் நடவாது என்பது மற்றத் தளபதிகளுக்குத் தெரியும். அவர் தற்பெருமை மிக்கவர் என்பதும் தெரியும். எனவே அவரைப் புகழ்ந்தார்கள். ஆகஸ்டில் நாட்டைக் காத்த வீரர் நீங்கள், ஜனாதிபதி உங்களுக்கு உள்துறை அமைச்சர் பதவி தந்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். சோதிடருக்குப் பணம் கொடுத்து, அவருக்குப் பெரிய அரசியல் எதிர்காலம் இருப்பதாகச் சொல்லவும் வைத்தார்கள். டின் போய் டியெமிடம் பதவி கேட்டார். டியெம் மறுத்து, ஓய்வெடுக்கும்படி அவரை டா லாட் மலைநகரத்துக்கு அனுப்பிவைத்தார். அந்த மனக்காயத்தில்தான் சதிகாரர்கள் நுழைந்தார்கள்.

இதற்கிடையில், சதி ஒன்று உருவாகிறது என்பதை ஞூவும் மோப்பம் பிடித்துவிட்டார். அவர் வகுத்த மறுதிட்டத்தின் பெயர் பிராவோ. தன் ஆட்களையே கொண்டு ஒரு பொய்யான புரட்சியை நடத்துவது, அண்ணனும் தானும் சற்று ஒதுங்கியிருப்பது, பின்னர் விசுவாசப் படைகளோடு வெற்றி வீரராகத் திரும்பி வந்து எதிரிகளை ஒடுக்குவது என்பது அதன் சாரம். இந்த நாடகத்தை நடத்த அவர் தேர்ந்தெடுத்த படைத்தலைவர் அதே டின். நாடகம் நம்பும்படி இருக்க வேண்டும் என்று காரணம் காட்டி, சிறப்புப் படைகளைத் தலைநகருக்கு வெளியே அனுப்பச் செய்தார் டின். அதே காரணத்தைக் காட்டித் தன் படைகளை உள்ளே கொண்டுவந்தார். ஞூ தன் பாதுகாப்பைத் தன் கையாலேயே கலைத்துக் கொடுத்தார். நவம்பர் 1 பிற்பகலில் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோதும் அது தன் நாடகத்தின் தொடக்கம் என்றே அவர் சிறிது நேரம் நம்பினார் என்று சீ சொன்னபோது, எங்கள் மேசையில் யாரும் பேசவில்லை.

அடுத்தது ஆறு. தெற்கே கான் தோவில் இருந்த நான்காம் படைப்பிரிவின் தலைவர் ஹுயின் வான் காவ், டியெமுக்கு மாறாத விசுவாசி. 1960இல் நடந்ததுபோல் அவர் படையோடு வந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். மீ தோவில் இருந்த ஏழாம் டிவிஷனைத் தன் பொறுப்பில் மாற்றிக்கொண்ட டின், தன் துணைத் தளபதி நுயென் ஹூ கோவை அங்கே அனுப்பினார். கோ அந்த டிவிஷனைக் கைப்பற்றியதும் மெகாங் கிளையாற்றைக் கடக்கும் படகுத் துறைகளை மூடி, எல்லாப் படகுகளையும் சைகோன் பக்கத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். காவின் படை மறுகரையில் நின்றது. மெகாங் படகுச் சவாரிக்குப் போகும் பயணிகள் கடக்கும் அதே நீர்தான் அன்று ஓர் அரசின் தலையெழுத்தை எழுதியது. சீ ஒரு காகிதக் கைத்துடைப்பில் ஆற்றையும், சாலையையும், சைகோனையும் வரைந்து காட்டினார். அந்தக் காகிதத்தை நான் கொண்டுவந்துவிட்டேன். அச்சிட்ட கையேட்டைவிட அது மேலானது.

உணவுக்குப் பின் கிடைத்த அரைமணி ஓய்வில் நான் ட்ருவோங் டின் சாலையில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போய் வந்தேன். அடுத்து நாங்கள் பார்க்கவிருந்த ஜியா லாங் மாளிகை நிற்கும் சாலை இந்தக் கோயிலுக்கு அருகிலேயே செல்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளிலிருந்து வந்த தமிழரும், வட்டித் தொழில் செய்த நகரத்தாரும் வாழ்ந்த நகரம் இது; அந்த நவம்பரிலும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே இருந்தன. இன்று கோயிலில் கற்பூரம் காட்டி வணங்குபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். திரும்பி வந்ததும் சீயிடம் இதைச் சொன்னேன். அவர் இந்தியாவுக்கு இன்னொரு தொடர்பும் உண்டு என்று, 1954 ஜெனீவா உடன்பாட்டின்படி அமைந்த சர்வதேசக் கண்காணிப்பு ஆணையத்தைப் பற்றிச் சொன்னார். இந்தியா, கனடா, போலந்து ஆகிய மூன்று நாடுகள் இடம்பெற்ற அந்த ஆணையத்தின் தலைமை இந்தியாவிடம் இருந்தது. அதன் இந்தியத் தலைவரான ராம்சந்தர் கோபர்தன், போலந்துப் பிரதிநிதி மனேலியை ஞூவோடு சந்திக்க வைக்க உதவியவர்களில் ஒருவர். வட வியட்நாமோடு ஏதேனும் பேச்சு சாத்தியமா என்று பார்க்கத் தொடங்கிய அந்தச் சந்திப்பு 1963 செப்டம்பர் தொடக்கத்தில் நடந்தது. எதிரியோடு பேசுகிறார் என்ற சந்தேகமே தளபதிகளுக்கும் அமெரிக்கர்களுக்கும் இன்னொரு காரணமாயிற்று. இந்தப் பகுதி கையேட்டில் இல்லை, பயணத்திட்டத்திலும் இல்லை. கேட்டால் கிடைக்கும். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஜியா லாங் மாளிகை இப்போது ஹோ சி மின் நகர அருங்காட்சியகம். பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஃபூலூ வடிவமைத்து 1890இல் முடித்த அழகிய வெண்ணிறக் கட்டடம். பட்டம் வாங்கிய மாணவிகளும் மணமக்களும் அதன் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பின்புறம் கீழிறங்கும் குறுகிய படிகள், 1962 குண்டுவீச்சுக்குப் பிறகு டியெம் கட்டச் சொன்ன நிலவறைக்குப் போகின்றன. தடித்த கான்கிரீட் சுவர், கனத்த இரும்புக் கதவுகள், ஆறு சிறு அறைகள். காற்றில்லாத அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே சட்டை நனைகிறது. இங்கிருந்து நகரின் சீனர் பகுதியான சோலோன் வரை சுரங்கம் போகிறது, அதன் வழியே சகோதரர்கள் தப்பினார்கள் என்ற கதையை ஊரார் இன்றும் சொல்கிறார்கள். ஐந்து கிலோமீட்டர் நீளச் சுரங்கம் எதுவும் இங்கே இல்லை என்று சீ கறாராக மறுத்தார். பயணிகளுக்குப் பிடித்த ஒரு கதையை வழிகாட்டி ஒருவர் தானே உடைப்பது அரிது. அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

மாடியில் ஒரு சன்னலோரம் நிற்க வைத்து, காலையில் கேட்பதாகச் சொன்ன கேள்வியை அவர் கேட்டது இங்கேதான். சாலையை டின் மறித்துவிட்டார். தொலைபேசி? அது அன்று வேலை செய்துகொண்டுதான் இருந்தது. டியெம் மாகாணத் தலைவர்களையும் படைத்தலைவர்களையும் ஒவ்வொருவராக அழைத்துப் பார்த்தார். உதவிக்கு வர ஒருவருமில்லை. தளபதிகளே மாளிகைக்குத் தொலைபேசியில் பேசி, சரணடையும்படி அவரைக் கேட்டார்கள். அவர் மறுத்து, 1960இல் செய்ததுபோல் அவர்களை மாளிகைக்குப் பேச அழைத்தார். இம்முறை அவர்கள் வரவில்லை. மாலை நாலரை மணிக்கு டியெம் அமெரிக்கத் தூதர் லாட்ஜை அழைத்து, அமெரிக்காவின் நிலை என்னவென்று கேட்டார். அன்று காலையில்தான் லாட்ஜ் இதே மாளிகையில் அவரோடு அமர்ந்து பேசிவிட்டுப் போயிருந்தார். வாஷிங்டனில் இப்போது விடியற்காலை நாலரை மணி, தன்னால் எதுவும் சொல்ல இயலாது என்ற பொருளில் லாட்ஜ் பதில் சொன்னார். அவருடைய உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவதாகவும் சொன்னார். ஒழுங்கை நிலைநாட்ட முயல்வதாகச் சொல்லி டியெம் பேச்சை முடித்துக்கொண்டார். இந்த உரையாடல் அச்சில் பல நூல்களில் கிடைக்கிறது. ஆனால் அது நடந்த கட்டடத்தில், கீழே மணமக்களின் சிரிப்பொலி கேட்க, ஒருவர் நிதானமாகச் சொல்லக் கேட்பது வேறு அனுபவம்.

இரவு எட்டு மணியளவில் சகோதரர்கள் இருவரும் மாளிகையைவிட்டு இரகசியமாக வெளியேறி, சோலோனில் மா டுயென் என்ற சீன வணிகரின் வீட்டை அடைந்தார்கள். அவர்கள் போய்விட்டது தெரியாமல் மெய்க்காவல் படையினர் இரவு முழுவதும் காலி மாளிகைக்காகப் போரிட்டு மடிந்தார்கள். அதிகாலையில் மாளிகையைத் தாக்கியவர்களில் ஐந்தாம் டிவிஷனின் தலைவர் நுயென் வான் தியூ ஒருவர். நான்கு ஆண்டுகளில் அவரே ஜனாதிபதியானார். டாங்கிகளோடு வந்த இன்னொரு அதிகாரி பாம் நோக் தாவ், உண்மையில் கம்யூனிஸ்டுகளின் ஒற்றர். இருவரும் ஒரே பக்கம் நின்று சுட்டார்கள் என்பதிலிருந்து அந்த நாட்டின் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

பிற்பகலில் ஏமாற்றம் வந்தது. மூன்று மணிக்கு வர வேண்டிய வாகனம் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. சோலோன் நெரிசலில் மேலும் நேரம் போய், சா டாம் தேவாலயத்தில் எங்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் மட்டுமே. இந்தப் பயணம் முழுவதும் எந்த இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்ததோ, அந்த இடத்தில் அவசரப்படுத்துவது பெருந்தவறு. பின்னர் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். நேரக் குறைவுக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. வருத்தம் தெரிவிக்கும் ஒரு சொல்கூட அதில் இல்லை.

அந்த இருபது நிமிடத்தை நான் மறக்கப்போவதில்லை. புனித பிரான்சிஸ் சவேரியார் பெயரில் அமைந்த, சீன வளைவு வாயில் கொண்ட சிறிய மஞ்சள் நிறத் தேவாலயம் அது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள். காலைத் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த நேரத்தில் சகோதரர்கள் இங்கே வந்து பிரார்த்தனை செய்தார்கள். அவர்கள் அமர்ந்த இருக்கையில் ஒரு சிறு தகடு பதித்திருக்கிறார்கள். சரணடைவதாக டியெம் தளபதிகளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். நாட்டின் தலைவரை அழைத்துப்போகத் தகுந்த கார் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது எம்-113 கவச வாகனம். கைகள் பின்னால் கட்டப்பட்டு இருவரும் அதில் ஏற்றப்பட்டார்கள். தலைமையகத்துக்குப் போகும் வழியில், வாகனத்துக்குள்ளேயே, புரட்சித் தலைவர் டுவோங் வான் மின்னின் மெய்க்காவலரான கேப்டன் ஞுங்கின் கையால் கொல்லப்பட்டார்கள். தற்கொலை செய்துகொண்டார்கள் என்று முதலில் அறிவித்தார்கள். கைகள் கட்டப்பட்ட உடல்களின் புகைப்படங்கள் வெளிவந்ததும் அந்த அறிவிப்பு நிற்கவில்லை.

டியெமின் ஆட்சி கொடியது என்று கருதுபவன் நான். அந்தத் தேவாலயத்தில் நின்றபோதும் அந்தக் கருத்து மாறவில்லை. ஆயினும் விசாரணையும் இல்லாமல், நாட்டைவிட்டு வெளியேறும் வழியும் கொடுக்காமல், கட்டிய கையோடு கொன்றது அடுத்து வந்தவர்களின் ஆட்சிக்கு முதல் நாளிலேயே கறையாக ஒட்டிக்கொண்டது. சீ அடுத்து வந்தவற்றை வாகனத்தில் திரும்பும் வழியில் சொன்னார். மூன்றே மாதத்தில், 1964 ஜனவரி 30 அன்று, நுயென் கான் என்ற தளபதி மின்னைக் கவிழ்த்தார். அந்தப் புரட்சியின் ஒரே பலியாக ஞுங் உயிரிழந்தார். மே மாதம் நோ டின் கான் துப்பாக்கிப் படையின் முன் நிறுத்தப்பட்டார். செப்டம்பரில் ஒரு முயற்சி, 1965 பிப்ரவரியில் இன்னொன்று. தலைநகரில் தளபதிகள் ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டிருந்தபோது கிராமப்புறம் கைநழுவியது. 1965 மார்ச் 8 அன்று அமெரிக்க மரைன் படையினர் டா நாங்கில் தரையிறங்கினார்கள். ஆட்சியைக் கைப்பற்றும் இரவுக்கு இத்தனை நுணுக்கமாகத் திட்டமிட்டவர்கள், மறுநாள் நாட்டை எப்படி ஆள்வது என்று அமர்ந்து பேசியதற்கான தடயமே இல்லை என்பது சீயின் மதிப்பீடு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

பௌத்தர்களுக்கு இந்தப் பயணத்திட்டத்தில் இடம் இல்லாதது எனக்கு மிகப் பெரிய குறையாகத் தெரிகிறது. தளபதிகளும் தூதர்களும் நிறைந்த இந்தக் கதையில், அவர்களுக்குத் துணிவு கொடுத்ததே தெருவில் இறங்கிய துறவிகளும் மாணவர்களும்தான். மறுநாள் காலையில் நானே சா லோய் விகாரைக்குப் போனேன். அமைதியான முற்றம், உயர்ந்த மணிக்கோபுரம். ஆகஸ்ட் 21 இரவில் இரண்டு துறவிகள் இதன் மதிலேறிக் குதித்துப் பக்கத்திலிருந்த அமெரிக்க உதவி அலுவலகத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அங்கிருந்து நடந்தே, திக் குவாங் டுக் தீக்குளித்த சந்திப்பை அடையலாம். 2010இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தால் பயணம் ஒன்றரை மணி நேரம்தான் நீளும். சுதந்திர மாளிகையிலிருந்து வண்டி ஏறுவதற்கு முன் இவற்றைப் பார்த்துவிட்டால், தளபதிகளின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதும் தெளிவாகும்.

இந்தச் சேவையை எடுக்க விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். முதலில், உங்களுக்கு வரும் வழிகாட்டி யார் என்று முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உள்ளூர் வரலாற்றை ஆழ்ந்து படித்தவர் கிடைக்காவிட்டால் இந்தத் தொகை அதிகம். கையேட்டில் உள்ள வரைபடம் பழைய தெருப் பெயர்களை மட்டுமே தருகிறது. கைப்பேசி வரைபடத்தில் தேடுபவருக்கு ஜியா லாங் தெரு இன்று லீ து த்ரோங், ஹோங் தாப் து இன்று நுயென் தி மின் காய் என்பது தெரிந்திருக்க வேண்டும். நிலவறை குறுகலானது; மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மேலேயே காத்திருக்கலாம். தேவாலயம் வழிபாட்டுத் தலம் என்பதால் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, சோலோனுக்கு மூன்று மணிக்குள் புறப்பட்டாக வேண்டும் என்று காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுப் பெறுங்கள். சுதந்திர மாளிகையில் காலையில் நின்றபோது சீ எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்து, மாலையில் அதே கதவின் முன் வாகனம் எங்களை இறக்கிவிட்டபோது சொன்னார். 1975 ஏப்ரல் 30 அன்று டாங்கிகள் நுழைந்தபோது அந்த மாளிகைக்குள் ஜனாதிபதியாக அமர்ந்திருந்து சரணடைந்தவர், பதவியேற்று இரண்டு நாட்களே ஆகியிருந்த அதே டுவோங் வான் மின். உங்கள் வழிகாட்டியிடம் அதைக் காலையிலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்த மேசையையும் நாற்காலிகளையும் அதன் பிறகு பார்ப்பது வேறாக இருக்கும். எனக்குத் தெரிய வந்தபோது மாளிகையை மூடிவிட்டார்கள்.